'வெளியேறு' என்று ஒரு பட்டன்

தி. நகரில் நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றின் விற்பனைப் பெண்கள் அசல் பட்டுக்கும் கலப்புப் பட்டுக்கும் வித்தியாசம் படித்துக்கொண்ட இணையதளம், நான் கட்டியது. அடையாறில் கிளைமேல் கிளையாகத் திறந்த ஒரு டிபன் கடையில், தோசைக்கல் முன்னால் நிற்கிறவர்கள் சுத்தம் பற்றிப் போனிலேயே படித்தார்களே, அதுவும் நான் கட்டியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்களைத் தவிர மற்ற எல்லோரும் பாடம் படித்த தளம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பட்டன் வரை என்னுடையது. கட்டியது என்றால் புரோகிராம் எழுதியது இல்லை. அதற்குப் பட்டதாரிகள் இருந்தார்கள். எந்தப் பக்கத்துக்குப் பின்னால் எந்தப் பக்கம், எந்தப் பட்டன் எங்கே, அதன் மேல் என்ன வார்த்தை என்பதெல்லாம் என் தலையிலிருந்து வந்தவை.

எட்டாவதோடு நின்றவன் நான். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தேன். கம்ப்யூட்டரைத் தொட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. இங்கிலீஷில் ஒரு லீவு லெட்டர் தப்பில்லாமல் எழுத வராது, இன்றைக்கும் வராது. நம் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று, பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஏசி ரிப்பேருக்கு வந்த ஆள் என்று நினைத்து ரிமோட்டை நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். அதே ஆள் பிற்பாடு ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம் காட்டி, "அண்ணே, இது ஓகேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாடிக்கையாளருக்கு அனுப்பினார்.

இதையெல்லாம் திரும்பச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. ஆனால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி ஆபீசிலிருந்து போன் வந்தது. வெற்றிக் கதையாக இருந்தால் நல்லது என்றார்கள். என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அது வெற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஜவுளிக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். என் கர்வம் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தக் கடைக்கு முதலில் ஒரு தளம் இருந்தது. நாம் செய்தது இல்லை, வேறு யாரோ. முதல் பக்கத்திலேயே நாற்பது சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு படம். யாரும் படிப்பதில்லை என்று கடைக்காரர் புலம்பினார். நம் ஆட்கள் ஆபீசில் உட்கார்ந்து அந்த நாற்பதை எட்டுத் தலைப்பாகப் பிரிக்கலாமா, பத்தாகப் பிரிக்கலாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்குப் போய் இரண்டாவது மாடியில் ஒரு ஓரமாக நின்றேன். ஒரு பெண், மடித்த புடவைகளை இடது முழங்கையில் அடுக்கிக்கொண்டு, வலது கையில் போனைப் பிடித்து, கட்டைவிரலால் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர் வந்தால் போன் இடுப்புக்குப் போய்விடும். திரும்ப எடுக்கும்போது தளம் மறுபடி ஊழியர் எண் கேட்கும். அவள் அதோடு விட்டுவிடுவாள்.

அன்றைக்கு மூன்று சட்டம் போட்டேன். பட்டன்கள் எல்லாம் கட்டைவிரல் எட்டுகிற கீழ்ப்பக்கத்தில். எங்கிருந்து எங்கே போவதானாலும் மூன்று அமுக்கு, அதற்கு மேல் கூடாது. ஒரு தரம் ஊழியர் எண் போட்டு உள்ளே வந்துவிட்டால், அவராக விடைபெறுகிற வரை மறுபடி எண் கேட்கக் கூடாது.

ஒரே மாதத்தில் கடை முழுக்கப் படித்து முடித்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம் முதலாளி, மயிலாப்பூர்க்காரர், எல்லோர் முன்னாலும், "ஏகாம்பரம் ஒரு இடத்துல போய் நின்னார்னா போறும், தளம் தானா வந்துடும்" என்றார். அந்த வார்த்தை என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் எங்கேயும் போய் நிற்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை வேலை வந்தது. அந்த மூன்று சட்டத்தையும் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். கூடுதலாக ஒன்று செய்தேன். அங்கே வார்டு சுத்தம் செய்கிறவர்களும் படிக்க வேண்டும், தமிழில். குரலும் சேர்த்திருந்தோம், எழுத்துத் தெரியாதவர் கேட்டுக்கொள்ளலாம். தமிழ் வார்த்தை எல்லாம் என் பொறுப்பு. புரோகிராம் எழுதிய பெண், திவ்யா, விடைபெறும் பட்டனில் 'லாக் அவுட்' என்று தமிழ் எழுத்தில் போட்டிருந்தாள். நான் அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.

"அண்ணே, எல்லாரும் லாக் அவுட்னுதான் சொல்றாங்க" என்றாள்.

"சொல்றது வேற, போடறது வேற. நல்ல தமிழ் இருக்கும்போது எதுக்கு?"

'வெளியேறு' என்று போட்டேன். கண்ணில் படட்டும் என்று சிவப்பு நிறம் கொடுத்தேன். தவறி அமுக்கிவிடக் கூடாதே என்று, அமுக்கினால் இன்னொரு கேள்வி வரும்படி செய்தேன்: 'நீங்கள் உறுதியாக வெளியேற விரும்புகிறீர்களா?' கீழே 'ஆம்', 'இல்லை'.

ஏன் அந்த வார்த்தை என்று பின்னால் பலமுறை யோசித்தேன். படித்தவர்கள் பேசுகிறபடி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். என் வாய்த் தமிழ் மந்தைவெளிச் சந்துத் தமிழ். அதை மறைக்க எழுத்தில் சுத்தத் தமிழ் வேண்டியிருந்தது எனக்கு. அந்தப் பட்டனை நான் வார்டு பெருக்குகிறவர்களுக்காக எழுதவில்லை. ஆபீசில் உட்கார்ந்திருந்த பட்டதாரிகளுக்காக எழுதினேன்.

தளம் ஓட ஆரம்பித்து ஆறேழு வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து உடனே வரச் சொன்னார்கள். முதலாளியும் நானும் போனோம். எச்.ஆர். மேனேஜர் அறையில் அவரும், ஊழியர் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா மிஸ்ஸும் இருந்தார்கள். ஸ்டெல்லா மிஸ் சாந்தோம்காரர். நர்ஸாக இருந்து, நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவராக ஆனவர். எப்போதும் நிதானமாக இருப்பார். அன்று கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை மருத்துவமனைக்கு ஆய்வுக்கு வருகிறார்கள். மருத்துவக் கழிவைக் கையாளுகிற ஒவ்வொருவரும் பாடம் முடித்திருக்க வேண்டும். இரண்டாவது மாடி வார்டுகளில் கான்ட்ராக்டில் சுத்தம் செய்கிற பெண்கள் பதினோரு பேர். அவர்களுக்கென்று ஒரே ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தால் பத்துப் பேர் ஒரு பாடம்கூடத் தொடவில்லை. பதினோராவது ஆள், அஞ்சலை என்று பெயர், ஒவ்வொரு பாடத்தையும் பதினோரு தடவை முடித்திருக்கிறார்.

"பத்து பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் உட்கார்ந்து அமுக்கியிருக்காங்க" என்றார் மேனேஜர். "நம்பரை மாத்திப் போடணும்னுகூடத் தெரியலை. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமையோட பதினோரு பேரும் நிறுத்தம். வேற கிளையிலேர்ந்து படிச்சு முடிச்ச ஆளுங்க வர்றாங்க. அந்த அஞ்சலைய மட்டும் திரும்ப எங்கேயும் எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுக்கப் போறேன். ஆள் மாறாட்டம் இது."

"அவங்க எங்ககிட்ட ஒன்பது வருஷமா இருக்காங்க சார்" என்றார் ஸ்டெல்லா மிஸ்.

"ஒன்பது வருஷமா இருக்கறவங்க செய்யற வேலையா மிஸ் இது?"

எங்களைக் கூப்பிட்டது ஒரு கையெழுத்துக்கு. தளத்தில் எந்தக் கோளாறும் இல்லை, பதிவுகள் சரியானவை என்று ஒரு வரி. தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். வடிவமைத்தவன் நான், போட வேண்டியதும் நான்.

கோளாறு இல்லை என்பது உண்மை. தளம் சொன்னபடிதான் ஓடியிருக்கிறது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பதினோரு தடவை என்பதுதான் உறுத்தியது. ஏமாற்ற நினைக்கிறவள் ஒரு பாடத்தைப் பதினோரு தடவை உட்கார்ந்து கேட்பாளா? நான் கட்டியதையே என்னால் பதினோரு தடவை கேட்க முடியாது.

"கீழ போய் ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன் சார்" என்றேன்.

முதலாளி என்னோடு வராந்தாவுக்கு வந்தார். "நீங்க ஏன் கீழல்லாம் போறேள்? ஒரு வரிதானே. போட்டுட்டு வாங்கோ. அடுத்த வருஷம் இவாளோட மத்த ஆஸ்பத்திரிகளும் நமக்குத்தான் வரும்னு இருக்கு."

"அஞ்சு நிமிஷம் சார்."

படியில் இறங்கும்போது பழைய அச்சகத்து ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். இருந்த வரை அவருக்குப் பெயர் போடுவது பிடிக்காது. ஒருமுறை கல்யாணப் பத்திரிகை ஒன்று கோத்தேன். வரவேற்பு மணமகள் இல்ல மாடியில் நடைபெறும் என்பது வாசகம். அச்சில் பார்த்தால் ஒரு வரி, 'வரவேற்பு மாலை ஆறு மணிக்கு மணமகள் இல்ல' என்று முடிந்தது. 'மாடியில் நடைபெறும்' அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஃபோர்மேன் படித்தார். "பொண்ணே இல்லன்னா எதுக்குடா வரவேற்பு?" என்றார். நான், எழுத்து ஒன்றும் பிசகவில்லை, வரி உடைந்த இடமும் முறைப்படி சரி என்று வாதாடினேன். "முறை சரி. படிக்கறவன் தப்பாப் படிச்சிட்டானே, அவன் கிட்ட போய் முறைய சொல்லுவியா?" என்று முழுப் பத்திரிகையையும் கலைக்கச் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் மகா கோபம்.

துப்புரவுப் பெண்களின் அறை தரைத்தளத்துக்கும் கீழே, வண்டி நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. ஆறேழு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி அதற்குள் எட்டியிருந்தது. மேஜைமேல் டேப்லெட், தூசு படாமல் ஒரு பூத்துவாலையால் மூடி வைத்திருந்தார்கள். என் ஆபீசில் யாரும் எதையும் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

"அஞ்சலை யாரும்மா?"

நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மாள் டீயைக் கீழே வைத்தார். "நான்தான். நீ யாரு, கான்ட்ராக்ட் ஆபீசா?"

"இல்ல. இந்தப் பாடம் வருதில்ல, அத்த செஞ்சவன்."

"ஓ, நீதானா அது" என்றார். பக்கத்திலிருந்த பெண், "நல்லா செஞ்ச போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் படிச்சீங்களா?"

"படிக்காம இன்னா? தெனம் ஒருத்தி. நாஷ்டா துன்னுட்டு உக்காந்துக்குவா. முடிச்சிட்டு அடுத்தவ கிட்ட குட்த்துடுவா. வாணும்னா கேட்டுப் பாரு. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் கூடைல. சலைன் ட்யூப்பு செவப்புல. அந்தப் பொம்பள கொரல் கனவுலயும் வந்து சொல்லிக்கினு கீது."

"முடிச்சதும் வெளியேறுன்னு ஒரு பட்டன் இருக்குமே, அத்த அமுக்கிட்டுத்தானே குடுப்பீங்க?"

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் விஷத்தைக் குடிக்கச் சொன்னால் பார்ப்பார்களே, அப்படி.

"அத்த எதுக்குய்யா அமுக்கணும்?" என்றார் அஞ்சலை. "நான்தான் எல்லார் கிட்டயும் சொல்லி வெச்சேன், அந்தச் செவப்பு பட்டன மட்டும் தொடாதீங்கடின்னு. மொத நாளு இந்த தனம் கை தெரியாம பட்டுடுச்சு. உறுதியா வெளியேற விரும்புறியான்னு கேக்குது. இவ டேப்ப பெஞ்சு மேல போட்டுட்டு அழுதுக்கினே ஓடியாரா. நான் போய் இல்லைன்னு அமுக்கி வெச்சேன். வேலைய விட்டுப் போறியான்னு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"அது வேலைய விட்டு இல்லம்மா. பாடத்த விட்டு."

"அப்டின்னு எங்க போட்டுகீது?"

நான் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கேயும் போடவில்லை. யாருடைய எண்ணில் பாடம் ஓடுகிறது என்பதைக்கூடப் பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் வைத்திருந்தேன். பெயர் இல்லை, எண் மட்டும். முதல் நாள் ஸ்டெல்லா மிஸ் செய்து காட்டியபோது அஞ்சலையின் எண்ணைப் போட்டிருக்கிறார். அது டேப்லெட்டோடு வந்த எண் என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். என் மூன்றாவது சட்டப்படி தளமும் அதற்கப்புறம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அஞ்சலை குரலைத் தாழ்த்தினார். "ஆத்தோரம் இருந்தப்போ வூட்டுக் கதவுல ஒட்னாங்க சார் ஒரு பேப்பரு. இடத்த விட்டு வெளியேறுன்னு. எனக்கு அவ்ளோ பட்ப்பு கெடையாது, ஆனா அந்த எழுத்து தெரியும். அப்பறம் ஆட்டோல மைக்கு வெச்சிக்கினு வந்து அதையே சொன்னாங்க. பெரும்பாக்கத்துல கொண்டு போய் வுட்டாங்க. அங்கேந்து ரெண்டு பஸ்ஸு புடிச்சி இங்க வர்றேன். நீ அதே வார்த்தைய கொண்டாந்து செவப்புல போட்டு வெச்சிகீற. யார்யா அமுக்குவா?"

ஒரு பெண் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

என்னிடம் பதில் இருந்தது. வெளியேறு என்பதற்கு அகராதியில் உள்ள பொருள், மற்ற தளங்களில் அதைப் போடும் வழக்கம், எல்லாம் சொல்லலாம். முறை சரி. ஆனால் படிக்கிறவரிடம் போய் முறையைச் சொல்லுவியா என்றுதானே ஃபோர்மேன் அன்றைக்குக் கேட்டார்.

மேலே போனேன். கதையைச் சொன்னேன். மேனேஜர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் கஷ்டம். "சார், இது நல்ல கதை. ஆனா ஆய்வுக்கு வர்றவங்களுக்குக் கதை காட்ட முடியாது. சைட்ல கோளாறு இருக்கா, இல்லையா? அதை எழுதிக் கொடுங்க" என்றார்.

முதலாளி என் முழங்கையைத் தொட்டார். "கோளாறு இல்லைன்னு சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லியே."

பொய் இல்லைதான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருந்திருக்காது. பதினோரு பேர் போயிருப்பார்கள். வேலை நமக்கு வந்திருக்கும். உங்களுக்கும் இந்த மாதிரி ஒரு தாள் ஒருநாள் வரும். அதில் எல்லா வார்த்தையும் உண்மையாகவே இருக்கும்.

நான் வேறு தாள் கேட்டேன். தமிழில் எழுதினேன், இங்கிலீஷ் வராது என்பதால். 'தளம் நாங்கள் அமைத்தபடியே இயங்கியது. அமைத்தது தவறு. விடைபெறும் பட்டனுக்கு நான் போட்ட சொல்லை இங்கே வேலை செய்கிறவர்கள் வேலையை விட்டு விலகுவதாகவே படிப்பார்கள். அதனால் பத்துப் பேரின் பாடங்கள் ஒருவர் பெயரில் ஏறியுள்ளன. பதிவுகளை நம்ப வேண்டாம்.' கையெழுத்துப் போட்டேன். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மேனேஜர் படித்தார். "சரி. பதிவை நம்ப வேண்டாம். அப்ப அவங்க படிச்சாங்கன்னு எதை வெச்சு நம்பறது?"

ஸ்டெல்லா மிஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கூப்பிட்டுக் கேட்டுட்டாப் போச்சு சார். நானே கேட்கிறேன். நீங்க பக்கத்துல இருங்க."

மதியம் வார்டுக்குப் பக்கத்து அறையில் கழிவுக் கூடைகளை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஸ்டெல்லா மிஸ் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கொடுத்தார்: பஞ்சு, கையுறை, ஊசி, ட்யூப், உடைந்த மருந்துப் புட்டி. கையில் வாங்கிய வேகத்தில் கூடைக்குப் போயிற்று. அழுதுகொண்டு ஓடிய தனம், ஊசியை வெள்ளை டப்பாவில் போடும்போது, பாடத்தில் வருகிற பெண் குரலை அப்படியே ராகத்தோடு சொல்லிக் காட்டினாள். மேனேஜருக்கே சிரிப்பில் உதடு கோணியது. பத்துப் பேரும் ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசியாக அஞ்சலை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. உடைந்த புட்டியைக் கொடுத்தபோது, கொஞ்சம் யோசித்துவிட்டு வெள்ளை டப்பாவில் போட்டார். அது நீலத்தில் போக வேண்டியது.

அஞ்சலைக்கே தெரிந்துவிட்டது. "ஐயோ, தப்பாப் போட்டனா?" என்று கையைப் பிசைந்தார். போயும் போயும் இவரா?

பின்னாலிருந்து தனம் முணுமுணுத்தாள். "பதினோரு தபா பாஸான அம்மா பாரு."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தியும். மேனேஜர் மட்டும் கையிலிருந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் பார்த்தார். "பதினோரு தடவை படிச்சவங்க இதைத் தப்பா போட மாட்டாங்க" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க ஒரு தடவைதான் படிச்சிருக்காங்க."

அந்தத் தப்புதான் அஞ்சலையைக் காப்பாற்றியது. என் கடிதம் பாதி, உடைந்த புட்டி பாதி. மேனேஜர் அங்கேயே கான்ட்ராக்டருக்குப் போன் செய்து யாரையும் மாற்ற வேண்டாம் என்றார். பதினோரு பேர் பெயரையும் எழுதி, நேரில் கேட்டுச் சரிபார்த்ததாக ஸ்டெல்லா மிஸ் கையெழுத்திட்டார். புட்டிப் பாடத்தை அஞ்சலைக்கு அங்கேயே நின்று இன்னொருமுறை போட்டுக் காட்டினார். திங்கட்கிழமை ஆய்வு நடந்து முடிந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை நான் மறுபடி கீழே போனேன், பட்டனின் வார்த்தையை மாற்ற. நான் எழுதிக்கொண்டு போனது, 'வேலை முடிந்தது'. பெருமையாகத்தான் காட்டினேன்.

"இதுக்கு முன்னாடி போட்டதே தேவல" என்றார் அஞ்சலை. பெஞ்சே ஆடும்படி சிரித்தார்கள். வேலை முடிந்தது என்றால் அவர்கள் பாஷையில் ஆளை வேலையிலிருந்து அனுப்பியாயிற்று என்று அர்த்தம். என் பாஷையிலும் அதுதான். எப்படியோ மறந்துவிட்டேன்.

"நீங்களே சொல்லுங்க. ஒருத்தி முடிச்சிட்டு அடுத்தவளுக்குக் குடுக்கறப்போ இன்னா சொல்லுவா?"

"இன்னா சொல்லுவா? பாடம் முடிஞ்சிச்சு, அடுத்தவ வாடின்னுவா."

'பாடம் முடிஞ்சது, அடுத்தவங்க வாங்க.' பச்சை நிறத்தில் போட்டேன். மேலே எண் இருந்த இடத்தில், படிக்கிறவரின் பெயரைப் பெரிதாக வைத்தேன். "மொதல்லயே இத்த போட்றதுக்கு இன்னா நோவு உனுக்கு" என்றார் அஞ்சலை. புதுப் பட்டனுக்கு அங்கே வந்த ஒரே விமர்சனம் அதுதான்.

அதற்கப்புறம் எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாளி கத்தவில்லை. அந்தத் தளத்தை வேறொருவர் பொறுப்பில் கொடுத்தார். அந்த மருத்துவமனையின் மற்ற கிளைகள் நமக்கு வரவில்லை. அதற்குக் காரணம் என் கடிதமா என்று யாரும் சொல்லவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் வரை மற்றவர்கள் செய்த தளங்களில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடாத நாட்கள் உண்டு. நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் களைப்பாகத்தான் இருந்தது. சரியானதைச் செய்தால் மனது லேசாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவரிடம் எத்தனை வருஷம் கழித்து என்று கேளுங்கள்.

இப்போது உங்களில் யாருக்காவது இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். நம் ஆபீஸ் தளத்தில், 'நாங்கள் வடிவமைக்கும் முறை' என்ற பக்கத்தில் இந்தப் பட்டன் கதை இருக்கிறது. போன மாதம் திவ்யா அனுப்பி வைத்தாள். 'ஆழ்ந்த பயனர் ஆய்வின் மூலம் எங்கள் குழு கண்டறிந்தது' என்று எழுதியிருக்கிறார்கள். அஞ்சலை சொன்ன அந்தப் பட்டன் வாசகம் இன்று நம் எல்லாத் தளங்களிலும் இருக்கிறது, வேறு கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் கீழே போகவில்லை, யாரும் கடிதம் எழுதவில்லை, குழு கண்டறிந்தது. அன்றைக்கு அந்தக் குழு எங்கே உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் படிக்காதவன், விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பக்கத்தில் மூன்று வரி சேர்க்க வேண்டும். முதல் வரி: 'வெளியேறு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் ஏகாம்பரம். இரண்டாவது வரி: அது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் ஏகாம்பரம். மூன்றாவது வரி: இப்போதுள்ள வாசகத்தைச் சொன்னவர் அஞ்சலை, இரண்டாவது மாடி வார்டு. சுத்தமாக அச்சடிக்கத் தெரிந்தவன் சொல்கிறேன், வரிசையும் இதே வரிசையில் இருக்க வேண்டும். இரண்டாவது வரியை மட்டும் வைத்துக்கொண்டு முதல் வரியை எடுத்துவிடலாம் என்று யாராவது மரியாதைக்காக யோசித்தால், மூன்றையும் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையையும் போட வேண்டாம்.